நாயின் இரத்தத்திலேயே நாய்க்கு மருந்து

வன்னியில் மாரி என்றால் புழுப்புண், கோடை என்றால் முள்ளுக்கம்பிக் காயம். காலபோக நெல் பால்பிடிக்கும் நாட்களில் பன்றிக்குக் கட்டிய சுருக்கில் நாய்கள் மாட்டும். அறுவடைக்கு மெஷின் இறங்கினால் வரம்போரம் படுத்திருந்த குட்டிகளுக்குக் காலில் வெட்டு. ஏ9 வீதியிலும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும் வாகனத்தில் அடிபடுவதற்குக் காலமே கிடையாது. நான் விசுவமடுப் பக்கம் சிறியதொரு மிருக சிகிச்சை நிலையத்தில் வேலை செய்கிறேன். மேசைக்கு வருவதில் பெரும்பகுதி காயம்தான். அதிலும் பட்டவுடன் வரும் காயம் குறைவு. சாம்பல் பூசி, மஞ்சள் பூசி, கழிவு ஒயில் ஊற்றிப் பார்த்து, நாறத் தொடங்கிய பிறகு சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார்கள்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கூலிக்குப் போகும் வீட்டில் நாயை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவருவதே அன்றைய சம்பளத்தைத் தின்றுவிடும். அப்படியும் கொண்டுவருகிறார்களே என்றுதான் நினைப்பேன்.

2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எங்களுக்கும் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. நல்ல களிம்பு கிடையாது, கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. பேராதனையில் படித்த காலத்தில் பாடமாக மட்டும் கேட்டிருந்த ஒரு சிகிச்சையை அப்போதுதான் தேடி எடுத்துப் படித்தேன். காயப்பட்ட மிருகத்தின் இரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, அதில் புண்ணை ஆற்றும் பகுதியைப் பிரித்து, அதே புண்ணில் வைப்பது.

இதை விளங்கப்படுத்துவது நான் நினைத்ததைவிட இலகுவாக இருந்தது. டெங்கு வந்து போன ஊரில் பிளேட்லெட் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிளேட்லெட், அதாவது குருதிச் சிறுதட்டுகள், இரத்தத்தை உறைய வைப்பதோடு நிற்பதில்லை. காயம் பட்ட இடத்தில் அவை உடைந்து வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடும். புதிய இரத்தக்குழாய் முளைப்பதற்கும் புதுத்தசை கட்டுவதற்கும் ஆளனுப்பிக் கூப்பிடுவது அவைதான். நாட்பட்ட புண்ணில் இந்த அழைப்பு நின்றுபோய்விடுகிறது. விளிம்பு வெளிறி, உள்நோக்கிச் சுருண்டு, ஆறவும் மாட்டாமல் பெருக்கவும் மாட்டாமல் அப்படியே கிடக்கும். அந்த இடத்தில் சிறுதட்டுகளைச் செறிவாகக் கொண்டுபோய் வைத்தால் வேலை மறுபடி தொடங்கும் என்பதுதான் எண்ணம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்றில் இரத்தம் உறையாமல் மருந்து சேர்த்து, இரண்டு தடவை சுழற்றி, சிறுதட்டுச் செறிவுள்ள திரவமாக எடுப்பார்கள். மற்றது 2001இல் பிரான்சில் பல், வாய் அறுவைச் சிகிச்சைக்காக அறிமுகமானது. மருந்து எதுவும் சேர்க்காமல் ஒரே தடவை சுழற்றினால் போதும். எங்களைப் போன்ற இடத்துக்கு இரண்டாவதுதான் சரி.

தேராவில் பக்கமிருந்து ஒரு அம்மா வீரன் என்ற நாயைக் கொண்டுவந்தார். பின்னங்காலில் சுருக்கு. மோட்டார் சைக்கிள் கேபிள் கம்பி இறுகி, தோலை வளையமாக அறுத்து, தசைநாண் தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தது. கம்பியை யாரோ வெட்டி எடுத்து வாரக்கணக்காகியும் புண் ஆறவில்லை. நாயின் கழுத்திலும் முதுகிலும் தோல் தளர்வாக இருப்பதால் பெரிய காயம்கூடச் சுருங்கி மூடிவிடும். முழங்காலுக்குக் கீழே அந்தத் தளர்ச்சி கிடையாது. அங்கே பட்டால் மிருகத்துக்கும் சோதனை, வைத்தியருக்கும் சோதனை.

இரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"பிள்ளை, அதே மெலிஞ்சுபோய்க் கிடக்கு. அதின்ர இரத்தத்தையும் எடுத்தா என்ன மிஞ்சும்?"

நியாயமான கேள்விதான். நாய்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிலீற்றர் வரை இரத்தம் இருக்கும். வீரன் 12 கிலோ. "அம்மா, ஒரு லீற்றர் அளவில கிடக்கு. நான் எடுக்கிறது ரெண்டு தேக்கரண்டி" என்றேன். சரி என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் முதலில் எடுத்த இரத்தம் புண்ணுக்குப் போகவில்லை, நுணுக்குக்காட்டியில் பார்க்கும் கண்ணாடித் தட்டுக்குப் போனது. வன்னி நாய்களில் உண்ணிக் காய்ச்சல் அவ்வளவு பரவல். ஆரோக்கியமான நாயில் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 2 முதல் 5 இலட்சம் வரை சிறுதட்டுகள் இருக்கும். உண்ணிக் காய்ச்சல் முதலில் கைவைப்பதே அதில்தான். சிறுதட்டு இல்லாத இரத்தத்தை எவ்வளவு நேரம் சுழற்றினாலும் மருந்து வராது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் இந்தச் சிக்கல் ஓரிரு வரியில் போய்விடும். இங்கே எனக்கு இதுதான் முதல் கேள்வி. வீரனுக்கும் காய்ச்சல் இருந்தது. டொக்சிசைக்கிளின் தொடங்கி, புண்ணைத் தினமும் சேலைனால் பீச்சிக் கழுவி, செத்த தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்து, எண்ணிக்கை ஏறும்வரை காத்திருந்தோம்.

பிறகு செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வெறும் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்தவுடன் சுழற்றும் இயந்திரத்தில் போட வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பிந்தினால் குழாயிலேயே உறைந்து எல்லாம் கெட்டுவிடும். அதனால் எங்கள் உதவியாளர் தம்பி இயந்திரத்தின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டே நிற்பார். எதிர்ப்பக்கத்தில் அதே அளவு தண்ணீர் நிரப்பிய குழாய் முதலே இருக்கும். ஏறத்தாழ பத்து நிமிடம் சுழன்று நின்றதும் பார்த்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே தெளிந்த நீர், நடுவில் மஞ்சள் நிறக் கட்டி. அந்தக் கட்டியை இடுக்கியால் மெல்லத் தூக்கினால் நுங்கு போல வழுக்கிக்கொண்டு வரும். அடியில் ஒட்டியிருக்கும் சிவப்பைக் கத்தரித்துவிட்டு, தொற்றுநீக்கிய இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மெல்லிய சவ்வு. அதைப் புண்ணின் மேல் விரித்து, ஒட்டாத துணி வைத்து, கட்டுப் போட வேண்டும். அந்தச் சவ்வு ஒரு வாரமளவில் மெதுவாகக் கரைந்து, பிடித்துவைத்திருந்த வளர்ச்சிக் காரணிகளைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருக்கும். கட்டை நக்கிப் பிய்க்காமல் இருக்க, பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டோம்.

அடுத்த கட்டு மாற்றும்போது புண்ணின் தரை சிவந்து, மணிமணியாக எழும்பியிருந்தது. அதற்குப் பிறகு விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பில் மெல்லிய கரை ஒன்று உள்ளே நகர ஆரம்பித்தது. தைப்பொங்கலுக்கு முன் வந்த நாய், சித்திரை வருடப்பிறப்புக்குள் காலை ஊன்றி ஓடியது. மயிர் முளைக்காத தழும்பு மட்டும் மிச்சம்.

வீரனைக் காட்டி, சவ்வுதான் எல்லாம் செய்தது என்று சொல்ல மாட்டேன். உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரை, தினமும் கழுவிய சேலைன், அம்மா அவித்துக் கொடுத்த முட்டை, இவற்றில் எதை விட்டிருந்தாலும் இது நடந்திருக்காது. நாய்களில் நடந்த ஆய்வுகளும் எல்லாம் ஒரே மாதிரிப் பேசவில்லை. புதிய, சுத்தமான காயம் தானாகவே ஆறிவிடும், அதற்கு இது தேவையில்லை. நின்றுபோன புண்ணுக்குத்தான் நான் இதை வைத்துக்கொள்கிறேன். அழுக்குப் புண்ணில் வைத்தால் கிருமிகள் இரண்டு நாளில் தின்றுவிடும்.

கழுவுவதைப் பற்றி நான் அலுக்காமல் பேசுவேன். 1962இலேயே ஜோர்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் காட்டிவிட்டார்: ஈரம் காக்கப்பட்ட காயத்தில் புதுத்தோல் படர்வது, காயவிட்ட காயத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். இருந்தும் புண்ணை வெயிலில் காட்டிக் காயவைப்பதும், டெற்றோலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவதும் இங்கே நிற்கவில்லை. கடும் மருந்து கிருமியோடு சேர்த்து, முளைக்கிற புதுத்தசையையும் கொன்றுவிடும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. வீட்டில் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

எல்லா மிருகத்துக்கும் ஒரே கணக்கும் இல்லை. மன்னாரில் தெருவில் திரியும் கழுதைகளுக்கு வாகனத்தில் அடிபட்டும் கயிறு இறுகியும் காலில் காயம் வருவது வழமை. அங்கே வேலை செய்யும் நண்பர் இந்தச் சவ்வை வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குதிரை இனத்துக்குக் கீழ்க்காலில் தசை அளவுக்கு மீறி வளர்ந்து, புண்ணுக்கு மேலே பொங்கி நிற்கும் குணம் உண்டு. 2009இல் வெளியான ஆய்வொன்றில், சிறுதட்டுச் செறிவு வைத்த குதிரைக் கால்களில் அந்தப் பொங்கல் கூடி, புண் ஆறுவது பிந்தியே போனது. நாய்க்கு நல்லது கழுதைக்கும் நல்லதாக இருக்க வேண்டுமென்று இல்லை.

கட்டாக்காலி நாய்களின் பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் புண்ணைக் கண்டால் இன்னும் கவனம். பல வேளை அது புண்ணே அல்ல, இணைசேரும்போது தொற்றும் புற்றுநோய். அதில் வளர்ச்சிக் காரணியை வைப்பது நெருப்புக்கு நெய் ஊற்றுவதுதான். அதற்கு வின்கிறிஸ்டின் ஊசி இருக்கிறது, நன்றாகக் கேட்கும். கடிகாயம் என்றால் வேறெதற்கும் முன்னால் விசர்நாய்த் தடுப்பூசி பற்றிய விசாரணை. நாய்க்கு மட்டுமல்ல, அதைத் தூக்கி வந்தவருக்கும்.

பசுக்களில் எனக்குப் பிடித்த விஷயம், சொந்த இரத்தத்தால் பாலில் மருந்து மிச்சம் சேராது என்பது. முலைக்காம்பு முள்ளுக்கம்பியில் கிழிந்த பசுவின் பாலைக் கொட்டச் சொல்வது சின்ன வார்த்தை இல்லை. ஆனால் பட்டி மாட்டை வாரக்கணக்கில் கட்டிவைத்துக் கட்டு மாற்றுவது லேசில் நடக்காது. அங்கே இந்தச் சிகிச்சை இன்னும் எட்டவில்லை.

இளைஞர்கள் கைபேசியில் பார்த்துவிட்டு வந்து மீன்தோல் பற்றிக் கேட்கிறார்கள். 2017 டிசம்பரில் கலிபோர்னியாக் காட்டுத்தீயில் பாதம் வெந்த கரடிகளுக்குத் திலாப்பியாத் தோலைத் தைத்து ஆற்றியது உண்மைதான். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது, இரணைமடுவில் வேண்டிய அளவு கிடைக்கும். ஆனால் அங்கே வைத்தது முறையாகக் கிருமிநீக்கிய தோல். சந்தையில் உரித்த தோலைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஸ்டெம் செல் என்ற மூலக்கலச் சிகிச்சைக்குக் கலங்களை வளர்க்கும் ஆய்வுகூடம் வேண்டும், இலட்சக்கணக்கில் பணமும் வேண்டும். காயத்துக்காக அந்தச் செலவைச் செய்யும்படி எந்தக் குடும்பத்துக்கும் நான் சொன்னதில்லை.

எனக்கு இப்போது வேண்டியது இரத்தம் கொடுக்கக்கூடிய நாய்கள். உண்ணிக் காய்ச்சலில் சிறுதட்டு விழுந்து, புண்ணும் பெரிதாக இருக்கும் நாய்க்குக் காத்திருக்க நேரமிருக்காது. வேறொரு நல்ல நாயின் இரத்தத்திலிருந்து சவ்வு செய்யலாம். கொடுக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல் இருந்தால் நல்லது, தடுப்பூசி எல்லாம் போட்டிருக்க வேண்டும், உண்ணி நோய்கள் எதுவும் இருக்கக் கூடாது. ஒட்டுசுட்டான் பக்கம் பண்ணை வைத்திருக்கும் ஐயா ஒருவர் தன் இரண்டு பெரிய நாய்களையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பரிசோதனை முடிவு வந்ததும் அவற்றில் தொடங்கப் போகிறோம்.