எக்செல்லில் ஓடும் '67 ஆசியா'

சிறுகோள் ஒன்றின் பாதையை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போமே என்று இறங்கினேன். எடுத்துக்கொண்டது 67 ஆசியா. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று கண்டுபிடித்தது. ஆசியக் கண்டத்திலிருந்து முதலில் அகப்பட்ட சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்றொரு தேவதை உண்டு. தேவதைப் பெயராகத் தேடிவைத்த காலம் அது, மனுஷன் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டார்.

சூரியனிலிருந்து சராசரி தூரம் 2.42 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்தான் ஒரு அலகு). கெப்ளரின் மூன்றாம் விதிப்படி அதன் மும்மடிக்கு வர்க்கமூலம் எடுத்தால் 3.77 ஆண்டு. சுற்றுக்காலம் வந்துவிட்டது. இதுவரை கால்குலேட்டரே போதும்.

அடுத்ததுதான் சுவாரசியம். பாதை நீள்வட்டம், மையத்தொலைத் தகவு, அதாவது வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு, 0.185. சூரியனுக்கு அருகே 1.97 அலகு வரை வருகிறது, தள்ளிப்போனால் 2.87. அருகில் வேகம், தொலைவில் நிதானம். ஆகவே எந்தத் தேதியில் எங்கே இருக்கும் என்பதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. சும்மா ஒரு விடையை ஊகித்து, திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். சூரியனுக்கு மிக அருகே வரும் அண்மைப் புள்ளியைத் தாண்டிச் சுற்றுக்காலத்தில் கால்வாசி, சுமார் 11 மாதம், போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீரான வேகமென்றால் 90 பாகை. அதன் சைனை 0.185 ரேடியனால், அதாவது 10.6 பாகையால் பெருக்கி 90உடன் கூட்டினால் 100.6. இப்போது 100.6இன் சைனைப் போட்டு அதையே மறுபடி செய்தால் 100.4. இன்னொரு முறை போட்டாலும் 100.4தான். இது இடைக்கணக்குக்கான கோணம்தான்; இதிலிருந்து சூரியனிலிருந்து பார்த்தால் தெரியும் உண்மைக் கோணத்தை எடுத்தால் கிட்டத்தட்ட 111 பாகை! கால்வாசி நேரத்தில் கால்வட்டத்தைத் தாண்டி 21 பாகை கூடுதலாக ஓடியிருக்கிறது. எக்செல்லில் ஒரே சூத்திரத்தைக் கீழே இழுத்துவிட்டால் முழுச் சுற்றும் வரைபடமாக வந்துவிடுகிறது.

வியாழனின் இழுப்பை நான் சேர்க்கவில்லை. பல ஆண்டுகள் தள்ளிக் கணித்தால் விலகல் தெரியும். இப்போதைக்குப் பரவாயில்லை.

அப்புறம் அதே ஷீட்டில் 87 சில்வியாவைப் போட்டேன். அதுவும் போக்சன் மெட்ராஸிலிருந்து 1866இல் கண்டதுதான், இரண்டு நிலாக்கள் வேறு வைத்திருக்கிறது. 3.48 அலகு, 6.5 ஆண்டு. அடுத்து பூமியின் பாதையையும் சேர்த்து, வானில் எந்த ராசியில் தெரியும் என்று பார்க்க வேண்டும்.