மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பிரித்த அனுபவம்

கும்பகோணம் பக்கம் சில வீடுகளில் மிச்ச மருந்தைத் தரம் பிரித்துக் கொடுத்ததில் தெரிந்துகொண்டவை இவை. டப்பா ஒன்றோடு வேலை முடியாது. ஃபிரிட்ஜ் கதவு, பீரோ இழுப்பறை, சாமி மாடம், பெரியவர்களின் தலைமாட்டு மஞ்சள் பை, எல்லாவற்றையும் ஒரே பாயில் கொட்டினால்தான் கணக்கு தெரியும்.

எல்லோரும் முதலில் தேடுவது காலாவதித் தேதியை. நாங்கள் பார்ப்பது மருந்தின் பெயரை. பிராண்ட் பெயரை அல்ல, பொடி எழுத்தில் இருப்பதை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே ஆள் தனியார் டாக்டரிடமும் காட்டுவார். அரசு கொடுத்த மாத்திரை அட்டையிலும் கடையில் வாங்கிய அட்டையிலும் கிளிமிபிரைடு என்ற ஒரே சுகர் மருந்தே இருக்கும். நிறம் வேறு என்பதால் இரண்டையும் போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். பாராசிட்டமாலும் அப்படித்தான், காய்ச்சல் மாத்திரையிலும் உண்டு, பல சளி மாத்திரைகளிலும் உண்டு. தேதி முடிந்ததைவிட, தேதி முடியாத இந்த இரட்டை மாத்திரைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அவற்றைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, டாக்டரிடம் காட்டி ஒன்றை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்தது வெட்டு அட்டை. மூன்று நாளைக்கு என்று கடையில் கத்தரித்துக் கொடுக்கும்போது தேதியும் பேட்ச் நம்பரும் மற்றத் துண்டோடு போய்விடும். பெயரோ தேதியோ இல்லாத துண்டு கழிவுதான், பேச்சே இல்லை. மாதம் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை செல்லும்.

தேதி இருந்தும் கெடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் மருந்து சிதைந்துவிட்டது. தண்ணீர் கலந்த அமாக்ஸிசிலின் சிரப்பை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். திறந்த கண் சொட்டு நான்கு வாரம், இன்சுலின் குப்பி பெரும்பாலும் 28 நாள். ஃபிரீசரில் உறைந்த இன்சுலின் அன்றைக்கே வீண்.

கழிப்பதில்தான் தொல்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் கொட்டினால், முதல் தண்ணீரே வயலுக்கும் குளத்துக்கும் தள்ளிக்கொண்டு போகும். கொளுத்தினால் அட்டையின் பிவிசி நச்சுப்புகை விடும். 2016 திடக்கழிவு விதிகள் இதை வீட்டு அபாயக் கழிவு என்றன; 2026 ஏப்ரல் முதல் வந்த புதிய விதிகளில் இது தனிக் கவனக் கழிவு. தனியாக வாங்கும் வண்டி வந்தால் அப்படியே கொடுத்துவிடலாம். வராத ஊரில் மாத்திரையைப் பிதுக்கி, பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் ஈர மண்ணோ காப்பிச் சக்கையோ கலந்து மூடி, டேப் ஒட்டி மக்காத குப்பையில் போடலாம். சிரப் என்றால் உமியில் ஊற்றினால் உறிஞ்சிக்கொள்ளும். அட்டையோடு போட்டால் வீட்டுப் பெரியவர்கள் ராத்திரியே பாதியைத் திரும்ப எடுத்துவந்துவிடுவார்கள், "காசு குடுத்து வாங்குனதும்மா" என்று.

விதிவிலக்கு ஒன்று. புற்றுநோய் வலிக்குக் கொடுத்த மார்ஃபின், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை போன்றவை மிஞ்சினால் வீட்டில் ஒரு நாளும் வைக்கக்கூடாது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2025 வழிகாட்டுதல் இப்படிப்பட்ட 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடச் சொல்கிறது. மற்ற எதற்கும் அந்த வழி வேண்டாம்.

இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பினாயில் பாட்டிலில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் மூடி ஒட்டி, 'ஊசி' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். குப்பை பிரிப்பவர்கள் வெறுங்கையோடுதான் தொடுகிறார்கள். இன்ஹேலரைத் துளையிடவோ நெருப்பில் போடவோ கூடாது, காலியானாலும் வெடிக்கும்.