ஒரு சுழியத்தில் போன ஏ

முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன். ஆனால் தரவுத்தளச் செய்முறைத் தாளில் கிடைத்தது பி. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மழை பெய்தால் எங்கள் வீட்டு இணையம் படுத்துவிடும். அதனால் பழைய மடிக்கணினியில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் போட்டு, அதன் சர்வரின் நிலையைப் பார்க்கக் கூடவே வரும் மைஎஸ்கியூஎல்அட்மின் கட்டளையோடு மல்லுக்கட்டினேன். எக்ஸ்டெண்டட்-ஸ்டேட்டஸ், ஐ 5, ஆர். அதாவது சர்வரின் எண்ணிக்கைகளைப் பட்டியலிடும்; ஐ 5 போட்டால் 5 வினாடிக்கு ஒருமுறை, ஆர் போட்டால் முந்தைய எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு மாறியது என்று மட்டும் காட்டும். மூன்று மாதம் இதே வேலை.

தேர்வில் சர்வர் திணறுகிறது, காரணம் கண்டுபிடி என்றார்கள். பழக்கதோஷத்தில் ஆர் போட்டே பார்த்தேன். இப்போது எத்தனை இழைகள் வேலை செய்கின்றன என்று சொல்லும் த்ரெட்ஸ்_ரன்னிங் வரியில் சுழியம். 'வேலைப்பளு இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். போச்சு!

வீட்டில் புலம்பியபோது, தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிவிட்டு வந்த அம்மா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டை வைத்துக் கேட்டார்: "பிரட்டுக்கு நேத்து முப்பது பேரு, இன்னிக்கும் முப்பது பேரு. வித்தியாசம் ஒண்ணுமில்லதான். அதுக்காக ஆளே வரலைன்னு அர்த்தமா?" அதேதான். சர்வருக்கு வந்த வினவல்களை எண்ணும் கொஸ்டின்ஸ் ஏறிக்கொண்டே போகும் கணக்கு, அதற்கு ஆர் சரி. த்ரெட்ஸ்_ரன்னிங் அந்த நொடியின் தலைக்கணக்கு. அதை ஆர் இல்லாமல்தான் பார்க்க வேண்டும். இதை மூன்று முறை எழுதிப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மற்றவை, சுருக்கமாக:

- கடவுச்சொல்லைக் கட்டளையில் அடிக்காதீர்கள். .மை.சிஎன்எஃப் என்ற அமைப்புக் கோப்பில் கிளையண்ட் பகுதியில் வையுங்கள், கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத).
- ஸ்லீப்=5 (ஐ 5-இன் முழுப்பெயர்) என்பதையும் அந்தக் கோப்பிலேயே போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று சும்மா பிங் கொடுத்தாலும் கன்ட்ரோல்-சி அடிக்கும்வரை ஓடும். எனக்கு ஓடியது.
- ஆர் போட்டாலும் முதல் பட்டியல் சர்வர் தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்தம். விட்டுவிடுங்கள். இரண்டாவதில் அப்டைம் (சர்வர் ஓடிய வினாடிகள்) 5 என்று வந்தால் அமைப்பு சரி.
- மெதுவான வினவல்களை எண்ணும் ஸ்லோ_குவெரிஸ் ஏறவில்லை என்று மயங்காதீர்கள். இயல்பு வரம்பு 10 வினாடி. 8 வினாடி இழுக்கும் வினவல் அதில் சேராது.
- பட்டியல் நூற்றுக்கணக்கான வரி. வரிகளை வடிகட்டும் கிரெப் கட்டளையை வைத்து நாலைந்தை மட்டும் எடுங்கள். நான் நோட்டில் கையால் எழுதிப் பழகினேன். மெதுவானவன், எனக்கு அதுதான் ஏறும்.

கோட்பாட்டுத் தாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முழுக்க மனப்பாடம், அதில் ஏ.