நெஞ்சுக்கட்டி ஆராய்ச்சிக்கு நஞ்சுக்கொடி எதுக்கு?

தைமோமா (நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பியில் வரும் கட்டி) பிளாக்குகளில், அதாவது ஆபரேஷனில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசுவில், மைக்ரோ ஆர்என்ஏ என்ற குட்டி ஆர்என்ஏக்களைப் பார்க்கப் போகிறேன் என்றதும் சீனியர் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிளாக் கையில இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப ஒரு வருஷத்தை மறந்துடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் பதினான்கு மாதம் ஆனது.

திட்டம் என்னவோ சின்னதுதான். 19-ஆம் குரோமோசோமில் உள்ள சி19எம்சி என்ற பெரிய மைக்ரோ ஆர்என்ஏ தொகுப்பு, தைமோமாவில் (ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று வகை பிரிப்பார்கள்) ஏ, ஏபி வகைகளில் மட்டும் விழித்திருக்கிறது என்று 2016-ல் மிலன் ராடோவிச் குழு எழுதியது. அது வழக்கமாக வேலை செய்யும் இடம் நஞ்சுக்கொடி. எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய பிளாக்குகளிலும் அப்படித்தானா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நெறிமுறைக் குழு முதல் முறை திருப்பி அனுப்பியது. நோயாளியின் ஒப்புதல் படிவம் எங்கே என்று கேட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் ஆபரேஷன் ஆனவர்களை எங்கே போய்த் தேடுவது? பெயர் நீக்கிய, மிஞ்சிய திசுவுக்கு ஒப்புதலிலிருந்து விலக்கு கேட்கலாம் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆனால் அதைத் தனிக் கடிதமாகக் கேட்க வேண்டும். நான் விண்ணப்பத்துக்குள் ஒரு வரியாக எழுதியிருந்தேன். குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை.

அனுமதி கைக்கு வந்ததும் பெத்தாலஜி ரெக்கார்டு ரூமுக்கு ஓடினேன். அங்கே இருந்த அண்ணன் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதெல்லாம் ஊசி போட்டு எடுத்த பயாப்சி நம்பர். கட்டியை எடுத்தப்புறம் வேற நம்பர் போட்டிருப்பாங்க" என்றார். அன்றைய நாள் போச்சு. மறுவாரம் சரியான நம்பரோடு போனால் ஹெச்ஓடி கையெழுத்து இல்லை. அப்புறம் ஒருவழியாகப் பீரோவைத் திறந்தோம். பன்னிரண்டில் பதினொன்று கிடைத்தது. பன்னிரண்டாவதுக்கு எதிரே ரெஜிஸ்டரில் 'மேல் சிகிச்சைக்கு வாங்கிச் செல்லப்பட்டது' என்று எழுதி, கீழே ஊதா மையில் ஒரு கைரேகை. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கட்டிங் சுலபம். முதல் இரண்டு மூன்று சீவலை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள், வருஷக்கணக்காகக் காற்று பட்ட பக்கம் அது.

இனி நான் செய்த கூத்து. திசுவிலிருந்து ஆர்என்ஏவைப் பிரிக்க, லேபில் மிச்சமிருந்த கிட்டை எடுத்தேன். அளவு பிரமாதம், சுத்தத்தைக் காட்டும் 260/280 விகிதமும் இரண்டைத் தொட்டது. தேடும் ஆர்என்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் போட்டால் பதினொன்றும் தட்டைக்கோடு, ஒன்றும் எழவில்லை. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின்மேல் பழி, பிளாக்கின் வயசுமேல் பழி. இங்குள்ள நோயாளிகளுக்கு இந்தத் தொகுப்பு விழிப்பதில்லை என்று ஸ்லைடுகூடப் போட ஆரம்பித்துவிட்டேன்! கைடு மேடம் கிட் அட்டையைத் திருப்பிக் காட்டினார். அந்தச் சிலிக்கா சவ்வு 200 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏ சங்கிலியின் ஒரு கண்ணி) நீளத்துக்கு மேலே உள்ளதைத்தான் பிடிக்கும். நான் தேடியது 22. ஒவ்வொரு தடவையும் வேஸ்ட் பாட்டிலில் கொட்டிய திரவத்தில்தான் அத்தனையும் போயிருக்கிறது. சின்ன ஆர்என்ஏவுக்கென்று உள்ள கிட் வாங்குங்கள். அதில் சுத்த எத்தனால் கூடுதலாகச் சேர்க்கச் சொல்வார்கள், கை நடுங்காமல் சேருங்கள். இதில் எரிச்சல் என்னவென்றால், ஃபார்மலின் பெரிய ஆர்என்ஏவைத்தான் துண்டு துண்டாக்கும். மைக்ரோ ஆர்என்ஏ அதன் சின்ன அளவாலேயே பெரும்பாலும் தப்பிவிடும். பிளாக்கில் பத்திரமாக இருந்ததை நானே கொட்டியிருக்கிறேன்.

பாசிட்டிவ் கன்ட்ரோலும் (தேடுவது நிச்சயம் இருக்கும் ஒப்பீட்டுத் திசு) இல்லாமல் ஓட்டியிருந்தேன். அதற்கு நஞ்சுக்கொடி வேண்டும், அதற்கு மறுபடியும் ஒரு திருத்த விண்ணப்பம். பிரசவ வார்டு சிஸ்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, "நெஞ்சுக்கட்டி ஆராய்ச்சிக்கு நஞ்சுக்கொடி எதுக்கும்மா? எழுத்துப்பிழையா?" என்று கேட்டார். விளக்கியதும் அவரே ஐஸ் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். இந்தப் பதினான்கு மாதத்தில் தானாக உதவிய ஒரே ஆள்.

இரண்டாவது ஓட்டத்தில் அந்தத் தொகுப்பில் ஒன்றான மிர்-517ஏ பார்த்தோம். நஞ்சுக்கொடியின் கோடு முதலில் எழுந்தது. 26-ஆவது சுற்றில் ஒரு ஏபி கட்டி. அப்புறம் இன்னொன்று. பி2 எல்லாம் 40 வரை தரையோடு தரை. மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

ஒரு எச்சரிக்கை. பி1 சீவலில் கட்டி செல்லைவிட இளம் டி செல்கள்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அதில் மிர்-181ஏ என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ எகிறினால் புற்றின் அடையாளம் கிடைத்துவிட்டது என்று குதிக்காதீர்கள், தைமஸின் டி செல்களில் அது இயல்பாகவே அதிகம். பெத்தாலஜிஸ்டிடம் ஸ்லைடில் கட்டி செல் இருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வாங்கி, அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். ஏபியிலும் லிம்போசைட் (டி செல்லும் அதில் ஒரு வகை) நிறைந்த திட்டுகள் இருக்கும், அதற்கும் வட்டம் அவசியம்.

போன வாரம் பிளாக்குகளைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணன் விரல் வைத்துப் பதினொன்றும் எண்ணினார். பயாப்சி நம்பர், ஆபரேஷன் நம்பர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். "முன்னாடியே யாராவது செஞ்சிருக்கலாம்ல" என்றார்.