ஒரே 1.3, இரண்டு அர்த்தம்

காலபோக அறுவடை முடிந்த கையோடு அப்பாவையும் அம்மாவையும் செட்டிகுளத்திலிருந்து வவுனியாவுக்கு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். "வருத்தம் ஒன்றும் இல்லாத ஆட்களை எதற்குப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறாய்?" என்று அப்பா வழி முழுவதும் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் நாள் பயணம் வீணாகிவிட்டது. பேருந்து ஏறுமுன் இருவரும் சீனி போட்ட தேத்தண்ணீர் குடித்திருந்தார்கள். வெறுவயிற்றுச் சீனிப் பரிசோதனைக்கு முன் குறைந்தது 8 மணித்தியாலம் உணவோ தேநீரோ கூடாது என்பதையும், வெறும் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம் என்பதையும் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வெயிலில் தண்ணீரையும் நிறுத்திவிட்டுப் போனால் உடல் வறண்டு, கிறியேற்றினின் (சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவு கூடுதலாகக் காட்டவும் இடமுண்டு.

மூன்று நாள் கழித்து மறுபடி போனோம். அப்பாவின் சீனி 108. 100க்கு மேல், 126க்குக் கீழ் என்பதால் அது நீரிழிவுக்கு முந்திய நிலை. அதைவிட என்னை யோசிக்க வைத்தது கிறியேற்றினின்தான். காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டது. வவுனியா மாவட்டத்து விவசாயக் குடும்பங்களும் அதற்குத் தப்பவில்லை. சிறுநீரகம் பெருமளவு பழுதாகும் வரை உடலில் வலியோ வீக்கமோ தெரியாமல் இருக்கக்கூடும் என்பதால், சீனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எங்கள் ஊருக்குப் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

கிறியேற்றினின் இருவருக்கும் 1.3 என்றே வந்திருந்தது. துண்டில் அச்சிட்டிருந்த மேல் வரம்பும் 1.3 ஆகையால் எந்த அடையாளமும் இடப்படவில்லை. நானும் நிம்மதியோடுதான் அதை வைத்தியரிடம் நீட்டினேன். அவரோ வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார். 30 வயது ஆண் ஒருவருக்கு இதே 1.3 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 மில்லிலீற்றர். 68 வயதான அப்பாவுக்கு அது 60. தசை குறைந்த பெண்ணுடம்பு என்பதால் 66 வயதான அம்மாவுக்கோ வெறும் 45. அந்த அளவு 60க்குக் கீழே மூன்று மாதத்திற்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்வார்கள். ஆகவே மூன்று மாதம் கழித்து இரத்தத்தை மறுபடி பார்க்கவும், காலையில் எடுத்த சலத்தில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கவும் எழுதித் தந்தார்.

"பழைய றிப்போட் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். அம்மாவின் கிளினிக் கொப்பி 2009 இடப்பெயர்வில் வீட்டுச் சாமான்களோடு போனது. அதன் பிறகு அவர் தனக்கென்று ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இரத்தச் சீனி போன்ற அடிப்படைச் சோதனைகள் இலவசம் என்பது தெரிந்திருந்தும், நான் அவரைக் கூட்டிப் போகவில்லை. இன்று ஒரு கோவை வாங்கி, இரண்டு துண்டுகளையும் திகதி எழுதி வைத்திருக்கிறேன்.

முழங்கால் வலிக்கென்று அம்மா கடையில் தானாக வாங்கி விழுங்கிவந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று வைத்தியர் நிறுத்திவிட்டார். இப்போது பின்னேரங்களில் நல்லெண்ணெய் சூடாக்கி அவர் காலில் பூசிவிடுகிறேன். அடுத்த இரத்தப் பரிசோதனை ஆனி மாதம்.