இரவு முட்டி

சித்திரை 16, செவ்வாய்
காலை 7 மணிக்கே முற்றத்து மணல் சுடுகுது. விருந்துக்கு வாறவைக்கு இரவுக் கள்ளுதான் சரி: பின்னேரம் பாளையிலை கட்டி, விடியப்புறம் இறக்கின மண்முட்டி. இரவுக் குளிரிலை புளிப்பு மெல்லத்தான் ஏறும். இனிப்பும் நிக்கும், நாக்கிலை சுருக்கெண்டு ஒரு நுரையும் இருக்கும். பகல் முழுக்க வெயிலிலை தொங்கின முட்டி இறங்கேக்கையே முத்திப்போயிடும். அது வெறிக்கு ஆகும், தாகத்துக்கு ஆகாது.

சித்திரை 17
முட்டி கழுவுறது ஆர் எண்டு கேக்கவேணும்.

சித்திரை 19
பூநகரிப் பக்கம் பனை, பளைப் பக்கம் தென்னை. பனை ஆவணியளவிலை ஓய்ஞ்சிடும். தென்னை ஆண்டு முழுக்கத் தரும். பனங்கள்ளின்ரை வாசம் புது ஆளுக்குக் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். தென்னங்கள்ளு மெலிவு, வெளியிலை இருந்து வாற வாய்க்குச் சுகம். எண்டாலும் வெயிலுக்குப் பனைதான். அதுவும் பனையோலைப் பிளாவிலை வார்த்துக் குடிக்கவேணும். பிளாஸ்ரிக் கப் வேண்டாம்.

சித்திரை 20
ஒரே மரம், ஒரே பாளை. ஒருநாள் தேன், மற்றநாள் காடி. மரத்திலை குற்றமில்லை. பாளையிலை இருந்து சொட்டேக்கை வெறும் இனிப்புச் சாறுதான். முட்டிச் சுவரிலை ஒட்டியிருக்கிற மதுவந்தான் (ஈஸ்ட்) அதைக் கள்ளாக்குது. கொஞ்ச மண்டி வேணும், இல்லாட்டிக் கள்ளு பிடிக்கப் பிந்தும். கழுவாமல் நாள்க்கணக்கா விட்டால் மதுவத்தோடை காடியாக்கிற கிருமியும் குடியேறும், பிறகு காலையிலேயே மூக்கிலை குத்தும். கொதிதண்ணி ஊத்தி, தேங்காய்ப் பொச்சாலை உள்ளுக்கு உரஞ்சி, வெயிலிலை கவிழ்த்துக் காயவிடவேணும். கழுத்துக்குக் கீழை இருக்கிற வளைவிலைதான் மண்டி ஒளிச்சிருக்கும். அதிலை கைவிரலை விட்டுப் பாக்கவேணும், வழுக்கினால் திரும்பக் கழுவவேணும்.

இந்த வேலையை ஒழுங்காச் செய்யிற ஆளிட்டை வாங்கினால் மற்றதெல்லாம் தானா வரும்.

சித்திரை 23
பறுவம். போயா விடுமுறையெண்டு கள்ளுத் தவறணை பூட்டு. மரத்தைப் பூட்டேலாது. ஒருநாள் சீவாமல் விட்டால் பாளையின்ரை வெட்டுமுகம் காய்ஞ்சு வடிசல் நிண்டுபோம். அதாலை இண்டைக்கு முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசிக் கட்டினது, எல்லாம் புளிக்காத இனிப்புக் கருப்பணி. சுண்ணாம்பு காணாட்டி வெயில் ஏற முன்னமே நுரைக்கும். கூடினால் கைப்பு, நாக்கும் வெந்துபோம். இறக்கி அரை மணித்தியாலம் அசையாமல் வைச்சு, மேல் தெளிவை மட்டும் துணியிலை வடிக்கவேணும். அடியிலை வெள்ளையா நிக்கிறதை ஆசைப்பட்டு ஊத்தக்கூடாது. மாங்காய்ச் சீவல் நாலு போட்டால் சின்னனுகள் விடாதுகள்.

சித்திரை 24
வாறவையிலை ஒராளுக்குச் சீனி வருத்தமாம்! கருப்பணி வேண்டாம், லீற்றருக்கு 100 கிராமளவிலை இனிப்பு. கள்ளும் வேண்டாம், குளிசை போடுற ஆள். மோர், உப்புப் போட்டு.

சித்திரை 26
குளிர்சாதனப் பெட்டியிலை வைச்சால் காணாதோ எண்டு கேக்கினம். காணாது. குளிர் புளிப்பை மெதுவாக்கும், நிப்பாட்டாது. போத்திலிலை மூண்டிலை ஒரு பங்கு வெறுமையா விட்டு, மூடியைத் தளர்த்தி வைக்கவேணும். இறுக்கி மூடினால் காத்து நெருக்கிப் போத்தில் வெடிக்கும். ஐஸ்கட்டி போடுறது கள்ளுக்குச் செய்யிற அநியாயம். முட்டியைச் சுத்தி ஈரச்சாக்கு, நிழல், அவ்வளவும் போதும்.

மத்தியானம் விக்கிற கள்ளு வெறியாயும் இனிப்பாயும் ஒண்டா இருந்தால் சீனி விழுந்திருக்கு. வெறி ஏறினால் இனிப்புக் குறையத்தான் வேணும்.

மிஞ்சினதை ஊத்தவேண்டாம். அரைக் கிலோ பச்சையரிசி அப்ப மாவுக்கு ஒரு தம்ளர் கள்ளு.

சித்திரை 27
இரவு மழை. முட்டி வாய் மூடேல்லை. தண்ணிக் கள்ளு. நாளைக்கு ஓலை கட்டச் சொல்லவேணும்.

சித்திரை 28
மூண்டு முட்டி சொல்லியாச்சு, விடிய 6 மணிக்கு. கழுவினதோ எண்டு கேட்டன். ஓமாம். நண்டுக்கு இன்னும் ஆளைக் காணேல்லை.