ஈஸ்டர் தீவு: பாதியில் நின்றுபோன வேலை

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், அப்புறம் தீவுக்கு வருவோம். காலை ஆறரைக்கு விடுதி வாசலில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கும்மிருட்டு, குளிர்காற்று, துணைக்கு ஒரு செம்பட்டை நாய். பசிபிக் கடலில் தனியாகக் கிடந்தாலும் இது சிலி நாட்டுத் தீவு; இதன் கடிகாரம் சிலியை ஒட்டி ஓடுவதால், நான் போன மாதத்தில் சூரியன் ஏழரைக்கு மேல்தான் எட்டிப் பார்த்தது. அந்த உதயத்தை, கடலோரம் சிலைகள் வரிசைகட்டி நிற்கும் டொங்காரிக்கியில் பார்க்கத்தான் கூடுதல் காசு கட்டியிருந்தேன். வேன் வந்தது ஏழு இருபதுக்கு. கேட்டால் ஓட்டுநர் சிரிக்கிறார். ‘விடியல் சிறப்புச் சுற்று’ என்று வாங்கிய பணத்துக்கு, வேன் ஜன்னலில் ஓர் உதயம், நடுரோட்டில் அசையாமல் நின்ற நான்கு குதிரைகளுக்குப் பின்னாலிருந்து.

சரி, போனது போகட்டும். டொங்காரிக்கியில் இறங்கியதும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. பதினைந்து மோவாய்கள் (இந்தத் தீவின் பெரிய கல் சிலைகளுக்கு அதுதான் பெயர்) கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்கின்றன. இருப்பதிலேயே கனமானது எண்பது டன்னுக்கு மேல். ஒன்றின் தலையில் மட்டும் செங்கல் நிறக் கல் கொண்டை. 1960-ல் சிலியை உலுக்கிய நிலநடுக்கம் கிளப்பிய சுனாமி, ஏற்கெனவே கீழே கிடந்த இந்தச் சிலைகளை உள்நாட்டுப் பக்கமாக அடித்துப் பரப்பிவிட்டதாம். 1990-களில் ஜப்பானிலிருந்து வந்த கிரேன்தான் தூக்கி நிறுத்தியது. எல்லாப் போஸ்டரிலும் இருப்பது இந்த இடம்தான். அழகுதான். ஆனால் இதைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் தீவைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பார்க்க வேண்டியது ரானோ ராராக்கு. சிலைகளைச் செதுக்கிய எரிமலைச் சரிவு. தீவு முழுக்க இருக்கும் ஏறத்தாழ ஆயிரம் மோவாய்களில் நானூறு போல இங்கேயே தங்கிவிட்டன. புல்லிலிருந்து தலை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பவற்றைப் பார்த்து வெறும் தலை என்று நினைத்துவிட வேண்டாம், மண்ணுக்கடியில் முழு உடம்பும் கைகளும் இருக்கின்றன. என்னைப் பிடித்து நிறுத்தியது மேலே, பாறையிலேயே மல்லாந்து கிடக்கிற ஒன்று. பெயர் தே டோகாங்கா, நீளம் 21 மீட்டர். முகம் முடிந்திருக்கிறது, மூக்கு சீவியது போல் கூர்மை. முதுகு மட்டும் இன்னும் மலையை விட்டு வரவில்லை. வேலையாட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள், வந்ததும் மிச்சத்தை வெட்டிவிடுவார்கள் என்பது போல அப்படியே கிடக்கிறது. உளி கிடையாது, இரும்பே கிடையாது. டோகி எனப்படும் கெட்டிக் கல்லை வைத்து இந்தச் சாம்பல்பாறையைக் கொத்தியிருக்கிறார்கள். சில சிலைகளில் 2022 அக்டோபரில் பரவிய தீயின் கருப்பு இன்னும் தெரிகிறது.

இவ்வளவு கனத்தை எப்படிக் கொண்டுபோனார்கள்? ‘நடந்து போயின’ என்றார் வழிகாட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். தீவின் பழங்கதையும் அதைத்தான் சொல்கிறது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலையைப் பதினெட்டுப் பேர் கயிறு கட்டி இடமும் வலமுமாக ஆட்டி நகர்த்திக் காட்டியிருக்கிறார்கள். வீடு மாறும்போது பீரோவை மூலை மூலையாக அசைத்து நகர்த்துவோமே, அதேதான். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு நம்பப் பிடித்திருக்கிறது.

இன்னும் அரை மணி நேரம் நின்றிருப்பேன். ‘கிளம்பலாம், கிளம்பலாம்’ என்று ஹாரன். தாமதமாக வந்தவருக்குத்தான் அவசரமும். இங்கே ஒரே டிக்கெட்டில் இரண்டாம் முறை நுழைய முடியாது என்பது தெரிந்திருந்தால் நான் அந்த ஹாரனைக் காதிலேயே வாங்கியிருக்க மாட்டேன்.

டிக்கெட் என்றதும் நினைவு வருகிறது. இந்த இடங்கள் அடங்கிய தேசியப் பூங்காவுக்கு, நான் போனபோது வெளிநாட்டவருக்கு 80 டாலர், பத்து நாள் செல்லும். முக்கியமான இடங்களுக்கெல்லாம் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம், அது தனிச்செலவு. முதல் நாள் எனக்கும் எரிச்சல்தான். அப்புறம் தீவின் கதை தெரிந்ததும் கணக்கு மாறியது. 1862-ல் பெருவிலிருந்து வந்த அடிமை வியாபாரிகள் ஆட்களைப் பிடித்துப் போனார்கள், திரும்பி வந்த சிலரோடு அம்மையும் வந்தது. 1877-ல் தீவில் மிஞ்சியது 111 பேர். பிறகு தீவே ஆட்டுப்பண்ணையாகி, மிஞ்சியவர்களை ஹங்கா ரோவா ஊருக்குள் அடைத்தார்கள். இப்போது பூங்காவை நடத்துவது தீவின் பூர்வகுடிகளான ராப்பா நூய் மக்களின் சொந்த அமைப்பு. வாசலில் நின்று அவர்கள் காசு கேட்டால் தாராளமாகக் கேட்கட்டும். என் சண்டை வேன்காரரோடு மட்டும்தான்.

அனாகெனா கடற்கரையில் வெள்ளை மணல், தென்னை, கொண்டை வைத்த சிலைகள். வெயில். நகர்ந்துவிட்டோம்.

மதியம் ஹங்கா ரோவாவில் எம்பனாடா. நம்மூர் சோமாசியை நான்கு மடங்கு பெரிதாக்கி, உள்ளே இனிப்புக்குப் பதில் சூரை மீனும் பாலாடைக்கட்டியும் திணித்து எண்ணெயில் பொரித்தால் அதுதான். கடித்த இடத்தில் ஆவி பறந்தது, பாலாடைக்கட்டி இழுபட்டுச் சட்டையில் விழுந்தது. ஒன்றே வயிற்றை அடைத்துவிட்டது, ஆசையில் இரண்டாவதையும் கட்டி வாங்கிக்கொண்டேன். எல்லாச் சாமானும் கப்பலிலோ விமானத்திலோ வரும் ஊரில், உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தின் மெனுவைத் திறந்தாலே பசி அடங்கிவிடும். மூன்று நாளும் எனக்கு எம்பனாடாதான் சோறு.

டாக்சிக்குச் சொன்ன தொகையைக் கேட்டு, ரானோ காவ் எரிமலைக்கு நடந்தே ஏறினேன். காலை நாயும் கூடவே வந்தது. தைல மரங்கள், கொய்யாப் புதர்கள், திரும்பிப் பார்த்தால் விமான ஓடுபாதை. விண்வெளி ஓடம் அவசரமாக இறங்க நேர்ந்தால் இருக்கட்டும் என்று 1980-களில் அமெரிக்கா நீட்டிக் கொடுத்த பாதை! உச்சியில் சட்டென்று தரை முடிந்துவிடுகிறது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலமான பள்ளம், அடியில் நீர், நீரின்மேல் கோரைத் திட்டுகள் பச்சைப் பச்சையாக மிதக்கின்றன. எதிர்ப்பக்கம் விளிம்பு உடைந்த இடத்தில் கடல். காற்று ஆளைத் தள்ளியதில் நான் உட்கார்ந்துதான் பார்த்தேன். இரண்டாவது எம்பனாடாவைப் பிரித்தேன். முக்கால்வாசி நாய்க்குப் போனது.

வாட்ஸப்பில் சுற்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவின் ரொங்கோரொங்கோ எழுத்தும் சிந்துவெளி எழுத்தும் ஒன்று என்பார்கள். 1932-ல் ஹெவெசி என்பவர் கிளப்பியது. இடையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் பாதி பூமியும் கிடக்கின்றன, இரண்டையும் இன்னும் யாரும் படிக்கவில்லை. அதை எனக்கு அனுப்பாதீர்கள்.

சொல்ல மறந்தது: ரானோ காவ் விளிம்பில் இருக்கும் பழைய கல்வீட்டுக் கிராமமான ஒரோங்கோவுக்கும் ஒருமுறை நுழைவுதான், அவசரப்படுத்தாத வழிகாட்டியோடு போங்கள். காற்றுக்குத் தொப்பி நிற்காது, துண்டு கட்டிக்கொள்ளுங்கள். எம்பனாடா இரண்டு வாங்குங்கள்.